அன்றைக்கு மூடாத மதகு

எங்கள் ஊரில் பிணத்துக்காகத் தண்ணீர் நிற்கும். வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் ஏதோ அதிசயம் என்று நினைப்பார்கள். அதிசயமெல்லாம் ஒன்றுமில்லை. எங்கள் தெருவுக்கும் சுடுகாட்டுக்கும் நடுவில் ஒரு பாசன வாய்க்கால் ஓடுகிறது. ஆனிக் கடைசியிலிருந்து தை வரைக்கும் அதில் தண்ணீர் இருக்கும். முறை வைத்து விடுகிற நாட்களில் கரையைத் தொட்டுக்கொண்டு போகும். தெருவில் யாராவது செத்துப்போனால் பந்தலுக்கும் மேளத்துக்கும் ஆள் போவதற்கு முன்னால் லஸ்கர் வீட்டுக்கு ஆள் போகும். லஸ்கர் என்றால் மதகைத் திறந்து மூடுகிற அரசாங்க ஊழியர். "அண்ணே, நாலு மணிக்கு எடுக்கிறோம்" என்று சொன்னால் போதும். அவர் மொபெட்டில் கிளம்பிப் போய் மேலே இருக்கிற மதகின் ஷட்டரைத் திருகி இறக்குவார். ஒன்றரை மணி நேரத்தில் வாய்க்காலில் தண்ணீர் முழங்காலுக்கு வந்துவிடும். நாலு பேர் பாடையைத் தோளில் வைத்துக்கொண்டு இறங்கி ஏறிவிடலாம். ஆட்கள் திரும்பி வந்த பிறகு அவர் மறுபடி திறப்பார். இதற்கு உத்தரவு கிடையாது, பதிவேடு கிடையாது. கீழே கடைமடைக்காரர்கள் யாராவது வந்து கத்தினால், "ஷட்டர்ல கட்டை சிக்கிக்கிச்சு" என்பார். அவர்களுக்கும் என்ன கட்டை என்று தெரியும்.

இதைக் கேட்கிறவர்கள் உருகிப்போவார்கள். என்ன மனுஷன் அந்த லஸ்கர் என்பார்கள். மனுஷன் நல்லவர்தான், சந்தேகமில்லை. ஆனால் மீதியையும் சொல்ல வேண்டும். அதே வாய்க்காலின் மேல், கூப்பிடு தூரத்தில், பஸ் போகிற அகலத்துக்கு ஒரு பாலம் ஏற்கெனவே இருக்கிறது. தார் ரோடு ஊர்த்தெரு வழியாக வந்து, அந்தப் பாலத்தைத் தாண்டி, சுடுகாட்டு வாசலை ஒட்டிப் போகிறது. எங்கள் தெருப் பிணம் அந்த ரோட்டில் போவதில்லை. போகக்கூடாது என்று யாரும் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. "வழக்கமில்லை" என்பார்கள், அவ்வளவுதான். உயிரோடு இருக்கும்வரை நாங்கள் அந்த ரோட்டில் சைக்கிளில் போகலாம், டவுன் பஸ்ஸில் போகலாம், மைக் கட்டிக்கொண்டு ஓட்டுக் கேட்டுக்கூடப் போகலாம். செத்த பிறகு வாய்க்காலில்தான் இறங்க வேண்டும்.

நான் தாலுகா ஆபீஸுக்கு எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ், லேமினேஷன், டைப்பிங், கூடவே மனு எழுதிக் கொடுப்பது. மனு எழுதி எழுதி என் பேச்சே கெட்டுப்போய்விட்டது. சாம்பாரில் உப்பில்லை என்பதைக்கூட நான் 'மேற்படி சாம்பார்' என்று ஆரம்பித்துத்தான் சொல்கிறேன் என்று என் மனைவி கேலி செய்வாள். கடை நேரம் போக நான் ஒரு சங்கத்தில் இருக்கிறேன். பெரிய சங்கமில்லை. எல்லோரையும் ஒரு வேனில் ஏற்றினால் வேனில் இடம் மிச்சமிருக்கும். எங்களுக்கு ஒரே கோரிக்கைதான்: பிணம் பொது ரோட்டில் போக வேண்டும். இதற்காக நான் எழுதிய மனுக்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால் அதன் மேல் ஏறி நின்று வாய்க்காலைத் தாண்டிவிடலாம் என்று எங்கள் ஆட்களே சொல்வார்கள்.

என் அக்கா ஊராட்சித் தலைவர். என்னைவிட மூன்று வயது மூத்தவள். எங்கள் ஊராட்சி எங்கள் சனத்துப் பெண்களுக்கு என்று ஒதுக்கப்பட்ட முறை கட்சிக்காரர்கள் அவளைத் தேடி வந்தார்கள். சொன்ன இடத்தில் கையெழுத்துப் போடுவாள் என்று நினைத்துத்தான் நிறுத்தினார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன், சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆறே மாதத்தில் எந்த இன்ஜினியருக்குச் சர்க்கரை போடாத டீ, எந்த உதவியாளரிடம் காலையில் பேசலாம், யாரிடம் சாப்பாட்டுக்குப் பிறகுதான் பேச வேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி ஆகிவிட்டது. எம்.எல்.ஏ. பிறந்த நாளுக்குப் போஸ்டர் ஒட்டுவாள். தஞ்சாவூரில் கூட்டமென்றால் இரண்டு வேன் பெண்களைக் கூட்டிக்கொண்டு போவாள். எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் பற்றிக்கொண்டு வரும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு. மீன்குழம்பும் சண்டையும் ஒன்றாகத்தான் பரிமாறப்படும்.

"அந்த ரோட்ட நீ கேட்டா வெட்டுக்குத்து வரும். பாலம் கேட்டா எஸ்டிமேட் வரும். எனக்கு எஸ்டிமேட் போதும்டா" என்பாள்.

"பாலந்தான் ஏற்கெனவே இருக்கேக்கா. இருக்கிற பாலத்துல போக விடலன்னுதானே சண்டை? இன்னொரு பாலம் கட்டி நமக்குன்னு ஒதுக்கிட்டா, அது சலுகையா தண்டனையா?"

"சண்டைய நீ போடு. நாளைக்குச் சாகப்போறவங்கள நான் பாத்துக்கிறேன்."

அவள் வீட்டில் உட்கார்ந்திருக்கும்வரை நான் சொல்வதுதான் சரி என்று தோன்றும். திரும்பி வரும்போது வாய்க்கால் கரையில் வண்டியை நிறுத்தித் தண்ணீரைப் பார்த்தால் அவள் சொல்வதுதான் சரி என்று தோன்றும். வீட்டுக்குப் போய்ச் சட்டையைக் கழற்றும்போது மறுபடி நான் சொன்னதே சரியாகிவிடும்.

அந்தப் புரட்டாசிக் கடைசியில் எங்கள் தெருக் கோடி வீட்டுச் சித்தப்பா இறந்துபோனார். ரத்த உறவில்லை, முறைக்குச் சித்தப்பா. நாற்றுப் பறிக்கிற கூலி. என் கடைக்கு அடிக்கடி வருவார். லேமினேஷன் மேல் அவருக்கு ஒரு பைத்தியம். ரேஷன் கார்டு, கல்யாணப் போட்டோ, மாட்டு வைத்தியரின் சீட்டு, எதைக் கொடுத்தாலும் லேமினேட் செய்யச் சொல்வார். "நம்ம பொழப்பு சேத்துலயும் தண்ணியிலயும் கெடக்கு. தண்ணி பட்டா எல்லாம் கெட்டுப்போயிடும் தம்பி" என்பார். ஒரு தடவை பழைய லாட்டரிச் சீட்டு ஒன்றைக் கொடுத்தார். விழாத சீட்டு. அதையும் செய்து கொடுத்தேன்.

அவர் இறந்ததற்குப் பத்து நாள் முன்பு நான் ஒரு குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்திருந்தேன். கூடவே போட்டோக்களும் வைத்திருந்தேன். மூன்று சாவுகளில் எடுத்த போட்டோக்கள். மனுவை வாங்கிய அதிகாரி போட்டோவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "முழங்கால் தண்ணிதானே இருக்கு. நடவுக்கு எறங்கறவங்கதானே நீங்க?" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. உண்மையாகவே அவருக்கு அதில் என்ன பிரச்சினை என்று விளங்கவில்லை. லஸ்கருடைய நல்ல மனசு என் போட்டோக்களைப் பாழாக்கிக்கொண்டிருக்கிறது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவர் தண்ணீரை நிறுத்தும்வரை எங்கள் கஷ்டம் முழங்காலுக்கு மேல் ஏறாது.

சித்தப்பா இறந்த அன்று லஸ்கர் வீட்டுக்கு நானே போகிறேன் என்று சொல்லிக் கிளம்பினேன். அவர் வாசலில் மொபெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் விஷயம் தெரிந்து, "எத்தன மணிக்கு?" என்றார்.

"நாலு மணிக்குண்ணே. ஆனா நீங்க இன்னைக்கு மூட வேண்டாம்."

துணியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நிமிர்ந்தார். "என்ன தம்பி சொல்றீங்க? முறைத் தண்ணி. நெஞ்சுக்கு வரும்."

"வரட்டும்ணே. எவ்வளவு வருதுன்னு எல்லாரும் பாக்கட்டும். இந்த ஒரு தடவைதான். அப்புறம் நீங்க எப்பவுமே மூட வேண்டிய அவசியம் இருக்காது."

அவர் துணியை மடித்து மொபெட் சீட்டில் வைத்தார். பிறகு, "மூடறதுக்கும் எனக்கு உத்தரவில்ல, மூடாததுக்கும் உத்தரவில்ல. அவரு வீட்டம்மாகிட்டக் கேட்டீங்களா?" என்றார்.

"கேட்டாச்சுண்ணே" என்றேன்.

கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. சித்தப்பாவின் தலைமாட்டில் சித்தி உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். அவளிடம் போய் இதையெல்லாம் எப்படிக் கேட்பது என்று பிற்பாடு எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்த நேரத்தில் அந்தச் சமாதானம்கூட இல்லை. வீடியோ எந்தக் கோணத்தில் எடுப்பது என்பதுதான் என் மண்டையில் ஓடிக்கொண்டிருந்தது.

தெருவுக்குத் திரும்பிப் பாடை தூக்குகிறவர்களிடம், "லஸ்கர் ஊர்ல இல்லையாம்" என்று சொன்னேன். அவர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார்கள். வாய்க்கால் கரை வரைக்கும்தான் எங்கள் பெண்கள் வருவார்கள். அதற்கு மேல் வரும் வழக்கமில்லை. (பாருங்கள், எங்களுக்குள்ளேயும் ஒரு 'வழக்கமில்லை' இருக்கிறது. அதைப் பற்றி நான் ஒரு மனுவும் எழுதியதில்லை.) சித்தி மற்ற பெண்களோடு கரையில் நின்றாள். நான் கொஞ்சம் தள்ளி ஒரு மேட்டில் போனோடு நின்றேன்.

நாலு பேரும் இறங்கினார்கள். தண்ணீர் இடுப்புக்கு வந்தது, நெஞ்சுக்கு வந்தது. பாடையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார்கள். நடுவாய்க்காலில் முன்னால் போனவன் கால் சேற்றில் வழுக்கியது. பாடை ஒரு பக்கம் சாய்ந்தது. சித்தப்பாவின் கால்கள் முதலில் தண்ணீருக்குள் போயின, பிறகு இடுப்பு வரைக்கும் உடம்பு போனது. மாலை கழன்று ஓடியது. கரையிலிருந்து ஆட்கள் குதித்தார்கள். நான் குதிக்கவில்லை. என் கை நடுங்கவும் இல்லை, அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறாதது. வீடியோவில் ஒரு இடம்கூட ஆடவில்லை. அதில் சித்தியின் குரல் கேட்கும்: "ஐயோ, தண்ணி பட்டுடுச்சே, தண்ணி பட்டுடுச்சே" என்று. அதன்பிறகு நான் அந்த வீடியோவைச் சத்தம் வைத்துப் பார்த்ததில்லை.

அன்று சாயங்காலமே அதை இணையத்தில் போட்டேன். சத்தத்தோடு ஊரே பார்த்தது. மன்னார்குடியிலிருந்து, நாகப்பட்டினத்திலிருந்து, சிங்கப்பூரிலிருந்தெல்லாம் போன் வந்தது. டிவிக்காரர்கள் வந்தார்கள். மறுநாள் காலையில் கோட்டாட்சியரே ஜீப்பில் வந்து இறங்கினார். வாய்க்காலைப் பார்த்தார். தண்ணீர் கரை தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. சித்தியைக் கூப்பிட்டு, "எப்பவும் இப்படித்தான் தண்ணி போகுமாம்மா? பிணம் எடுக்கிற நேரத்துலயும்?" என்று கேட்டார்.

எங்கள் தெருவில் லஸ்கர் மதகு மூடுவது தெரியாதவர்கள் கிடையாது. சித்தியின் மாமியாருக்கும் மாமனாருக்கும் அவர் மூடியிருக்கிறார். அவள் உள்ளதைச் சொல்லிவிட்டால் என் வீடியோ அங்கேயே செத்தது, லஸ்கர் வேலையும் போனது.

சித்தி தரையைப் பார்த்தபடி, "எப்பவும் இப்படித்தான் போவுங்கய்யா" என்றாள்.

பாவம், துக்கத்தில் என்ன கேட்டார் என்றே அவளுக்கு விளங்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு நிம்மதியாகவும் இருந்தது.

அக்கா அன்று என்னிடம் பேசவில்லை. மறுநாள் கடைக்கே வந்துவிட்டாள். வாடிக்கையாளர்கள் நின்றுகொண்டிருந்தார்கள், அதையும் பார்க்கவில்லை. "எம்.எல்.ஏ. லெட்டர் கொடுத்து இருவது நாள் ஆச்சுடா. சத்தமில்லாம நகத்திக்கிட்டிருந்தேன். இப்ப 'தலைவர் ஊர்லயே இப்படி'ன்னு டிவியில ஓடுது. அவர் என் போனையே எடுக்க மாட்டேங்கிறார்" என்றாள். நான் விட்டேனா? "சத்தமில்லாம நகர்றது எதுவும் நம்ம தெரு வரைக்கும் வந்து சேர்ந்ததில்லக்கா" என்றேன். அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அழுதுகொண்டே கடையை விட்டுப் போனாள்.

அடுத்து ஒரு அமைதிப் பேச்சுவார்த்தை நடந்தது. ஊர்த்தெருவிலிருந்து ஆறு பேர், எங்கள் தெருவிலிருந்து ஆறு பேர். பிணம் ரோட்டில் போவதைப் பற்றிப் பேசப்போன இடத்தில் எல்லோரும் பாலத்தைப் பற்றியே பேசினார்கள். "அவங்களுக்குத் தனியா ஒரு பாலம் கட்டிக் குடுத்திடுங்க, பாவம்" என்று ஊர்த்தெருக்காரர்கள் ரொம்பப் பெருந்தன்மையாகச் சொன்னார்கள். எங்கள் ஆட்களில் நாலு பேர் தலையாட்டினார்கள். நான் கத்தினேன். கத்தியதாகப் பதிவும் செய்தார்கள்.

பிறகு ஒரு வருஷத்துக்கு ஒன்றுமில்லை. அக்கா போஸ்டர் ஒட்டினாள், வேன் பிடித்தாள், யார் யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ போய் முதல் வரிசையில் உட்கார்ந்தாள். நாங்கள் ஆர்ப்பாட்டம் நடத்தினோம், கைதாகிக் கல்யாண மண்டபத்தில் உட்கார்ந்து தக்காளி சாதம் சாப்பிட்டுவிட்டுச் சாயங்காலம் விடுதலையானோம். திடீரென்று ஒரு கோடையில், வாய்க்கால் காய்ந்து கிடந்த நேரத்தில், கம்பியும் ஜல்லியும் வந்து இறங்கின. ஆனி பிறப்பதற்குள் பாலம் எழும்பிவிட்டது.

திறப்பு விழாவுக்குப் பந்தல் போட்டிருந்தார்கள். அக்கா பட்டுப்புடவை கட்டியிருந்தாள். கோடி வீட்டுச் சித்தியை மேடையில் உட்காரவைத்துச் சால்வை போட்டாள். கல்வெட்டில் எல்லோர் பெயரும் இருந்தது, கடைசியில் அக்கா பெயரும். அதற்கு மேலே பாலத்தின் பெயரைப் படித்துவிட்டு நான் சிரித்துவிட்டேன்: 'வேளாண் இயந்திரங்கள் மற்றும் விளைபொருட்கள் எடுத்துச் செல்லும் பாலம்.' அறுவடை மெஷின் போகிற அகலத்துக்குக் கட்டியிருந்தார்கள். அக்கரையில் யாருடைய வயல் இருக்கிறது, அது யாருக்கு வேண்டியவருடையது என்பதெல்லாம் பார்த்தாலே தெரிந்தது. பிணம், சுடுகாடு என்ற வார்த்தைகள் எங்கேயும் இல்லை. அக்காவிடம் கேட்டேன். "அந்த வார்த்த இருந்தா ஃபைல் நகராதுன்னாங்க. மெஷின்னு போட்டேன், நகந்துது" என்றாள். கையில் லட்டைத் திணித்தாள். நின்ற இடத்திலேயே தின்றேன். நன்றாகத்தான் இருந்தது.

அந்த ஆவணியில் தெருவில் ஒரு சாவு விழுந்தது. பாடை பாலத்தின் மேல், ஈரம் படாமல், நேராகப் போனது. தூக்கியவர்கள் செருப்புகூடக் கழற்றவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷம்தான், பொய் சொல்ல மாட்டேன். அதே மாதம் எங்கள் சங்கத்தின் பழைய மனுவுக்குப் பதில் வந்தது. மனுதாரர்களின் பகுதிக்கெனத் தனிப் பாலமும் பாதையும் அமைக்கப்பட்டுவிட்டதால் கோரிக்கை முடித்து வைக்கப்படுகிறது என்று. ஊர்த்தெரு ரோடு இனி எங்கள் பிணங்களுக்கு நிரந்தரமாக மூடப்பட்டுவிட்டது. இப்போது கேட்டால், "உங்களுக்குத்தான் பாலம் இருக்கே" என்பார்கள். ஈரமில்லாமல் போகிறோம். ஆனால் அதே கொல்லைப்பக்கமாகத்தான் போகிறோம். இதில் நான் ஜெயித்தேனா தோற்றேனா? யாராவது தெரிந்தவர்கள் சொன்னால் நல்லது.

ஆனால் என்னைக் குடைந்தது அது இல்லை. பாலத்தைக் கொண்டுவந்தது யார் என்பதுதான். பெருமைக்காகக் கேட்கவில்லை. என் வீடியோதான் கொண்டுவந்தது என்றால், அன்று சித்தப்பா தண்ணீரில் விழுந்ததற்கு ஏதோ ஒரு கணக்கு இருக்கிறது. அக்காவின் லெட்டர்தான் கொண்டுவந்தது என்றால், எப்படியும் வரப்போகிற பாலத்துக்காக நான் ஒரு மனுஷனைத் தண்ணீரில் போட்டிருக்கிறேன். இடையில் வேறு இடமில்லை.

தகவல் உரிமைச் சட்டத்தில் அந்த ஃபைலின் நகலைக் கேட்டு வாங்கினேன். அதை வாங்கிய அன்று கடைக்குப் பாதி ஷட்டர் இறக்கிவிட்டு உட்கார்ந்து படித்தேன். ஃபைலில் ஆதாரமாகக் காட்டுகிற கடிதங்களை ஆபீஸ் பாஷையில் 'பார்வை' என்பார்கள். பார்வை ஒன்று: எம்.எல்.ஏ.வின் கடிதம். தேதி பார்த்தேன். அக்கா சொன்னது நிஜம்தான், என் வீடியோவுக்குக் கிட்டத்தட்ட மூன்று வாரம் முந்தைய தேதி. பார்வை இரண்டு: கோட்டாட்சியர் அறிக்கை. அது வீடியோவுக்குப் பிந்தையது. இரண்டுக்கும் மேல் 'அவசரம்' என்று ஒரு சிவப்புச் சீட்டு குத்தியிருந்ததாக நகலில் தெரிந்தது. அந்தச் சீட்டில் மட்டும் தேதி இல்லை. அதை யார் குத்தினார்கள், எதற்குப் பயந்து குத்தினார்கள், எதற்கு ஆசைப்பட்டுக் குத்தினார்கள் என்று தெரிந்துகொள்ள எந்தச் சட்டத்திலும் வழியில்லை.

அக்காவிடம் கேட்டால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, "ஒன் வீடியோவாலதான்டா ஒரு வருஷம் லேட்டு" என்பாள். இன்னொரு நாள் பக்கத்து ஊராட்சித் தலைவர்களிடம், "வீடியோ வந்ததாலதாங்க பயந்தாங்க, இல்லன்னா லெட்டர் அங்கேயே தூங்கியிருக்கும்" என்று சொல்வதை நானே காதால் கேட்டேன். எந்த அக்காவை நம்புவது? லஸ்கரிடம் கேட்டேன். "எனக்கு ஒரு வேலை கொறைஞ்சுது தம்பி" என்றார். அவர் அந்தப் பாலத்தின் மேல் ஏறுவதில்லை என்பதைக் கவனித்தேன். காரணம் கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

போன மாதம் சித்தி கடைக்கு வந்தாள். விதவை உதவித்தொகைக்குச் சித்தப்பாவின் இறப்புச் சான்றிதழில் நாலு நகல் வேண்டும் என்றாள். எடுத்துக் கொடுத்தேன். அசலை மடிக்கப்போனவள் நிறுத்தி, "இதையும் லேமினேட் பண்ணிடுப்பா. அவரு இருந்தா அதத்தான் சொல்வாரு" என்றாள்.

மெஷினைப் போட்டேன். அது சூடேறக் கொஞ்ச நேரம் ஆகும். பச்சை விளக்கு எரியும்வரை இரண்டு பேரும் சும்மா நிற்க வேண்டும். அந்த நேரத்தில் எனக்குத் தாங்கவில்லை. மேற்படி, கீழ்ப்படி எதுவும் வரவில்லை.

"சித்தி, அன்னைக்கு லஸ்கர் ஊர்லதான் இருந்தார். நாந்தான் மூட வேண்டாம்னு சொன்னேன்."

சித்தி சான்றிதழின் மடிப்பை மேஜையில் வைத்து விரலால் நீவிக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை. "தெரியும்ப்பா" என்றாள்.

"யாரு சொன்னா?"

"அன்னைக்குச் சாயந்திரமே லஸ்கர் வந்தாரு. வாசல்ல நின்னுக்கிட்டு, 'நீங்க சொன்னீங்கன்னு அந்தத் தம்பி சொல்லுச்சு, அதான் மூடாம இருந்துட்டேன்'னாரு. நான் ஆமான்னுட்டேன்."

சாயங்காலமே. அப்படியானால் மறுநாள் காலையில் கோட்டாட்சியர் கேட்டபோது அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. தரையைப் பார்த்துக்கொண்டு அவள் சொன்ன பதில் தெரிந்தே சொன்ன பதில். நான் என்னவோ துக்கத்தில் பேசுகிறாள் என்று நினைத்துப் பாவப்பட்டிருக்கிறேன். என் வீடியோவையும் லஸ்கர் வேலையையும் அக்காவின் பாலத்தையும் அன்று தாங்கிப் பிடித்தது அந்த ஒரு வாக்கியம்தான். ஃபைலில் அது எந்தப் பார்வையிலும் இல்லை.

"ஏன் சித்தி அப்படிச் சொன்னே? கோட்டாட்சியர்கிட்ட உண்மையச் சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா? அவரு நனைஞ்சது நனைஞ்சதுதானே. அதுவும் வீணாப் போவணுமா?"

பச்சை விளக்கு எரிந்தது. நான் கவனிக்கவில்லை. அவள்தான் கையைக் காட்டினாள். காகிதத்தை உறைக்குள் வைத்து மெஷினுக்குள் விட்டேன். அது மெதுவாக உள்ளே போவதை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"பாலம் யாரால வந்துதுன்னு நீங்க அக்காவும் தம்பியும் சண்ட போட்டுக்கிறீங்களாம்ல. தெருவே சிரிக்குது" என்றாள். "யாரால வந்தா எனக்கென்ன? உங்க அக்கா என்னைக் கேக்காம மேடையில உக்கார வெச்சா. நீ என்னைக் கேக்காம அவரத் தண்ணியில எறக்குனே. ரெண்டு பேரும் நல்லதுக்குத்தான் செஞ்சீங்க, இல்லன்னு சொல்லல."

"கேட்டிருந்தா என்ன சித்தி சொல்லியிருப்பே?" என்றேன். எனக்கு அந்தப் பதில் வேண்டியிருந்தது. சரி என்றிருப்பேன் என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றிருந்தது.

அவள் உண்மையாகவே யோசித்தாள். வாசலுக்கு வெளியே தாலுகா ஆபீஸைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்தாள். "தெரியலப்பா. எறக்குன்னு சொல்லியிருப்பனோ, வேணாம்னு ஒன் கையப் புடிச்சிருப்பனோ. இத்தன நாளா நானும் நெனச்சு நெனச்சுப் பாக்கறேன், தெரியல" என்றாள். பிறகு, "கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்" என்றாள்.

சான்றிதழ் மறுபக்கம் வந்து விழுந்தது. சூடாக இருக்கிறது, கொஞ்சம் ஆறட்டும் என்று சொன்னேன். அவள் கேட்கவில்லை. முந்தானையால் பிடித்து எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள்.